தூக்குக்குண்டு நூலைப் பிடித்தவள்

மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை எங்கள் மன்றக் கூட்டம் நடக்கும்போது, கடைசி வரிசை நாற்காலியில் செத்துப்போன ஒருத்தி வந்து உட்காருகிறாள். மூன்று வருஷமாக வருகிறாள். இதைச் சொன்னால் ஹெப்சிபாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். நான் ஒரு இன்ஜினியர். ஒரு தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்துச் சொல்லி வயிறு வளர்க்கிறவள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். பேய், பிசாசு என்று யாராவது பேசினால் மூஞ்சிக்கு நேரே சிரிக்கிறவள். எனக்கே இந்தக் கதி என்றால் என்னத்தைச் சொல்ல?

அவள் பெயர் சண்முகத்தாய். ராஜபாளையத்தில் எங்கள் மன்ற அறை இருக்கும் தெருவில், மூடிக்கிடந்த ஒரு பருத்திக் குடோன் சுவரை ஒட்டி இட்லிக்கடை போட்டிருந்தாள். இப்போது வரும்போது தலைமுடியெல்லாம் சுண்ணாம்புத் தூசி. கேட்பது ஒரே ஒரு கேள்விதான்.

"எப்ப போறிய?"

ஒருமுறை பொறுக்க மாட்டாமல், "நீங்க எப்ப போறிய?" என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்து மிரண்டு, தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். அவள் போகவில்லை.

எங்கள் மன்றத்தைப் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். கட்டடப் பொறியாளர்கள் சங்கம் ஒன்றின் உள்ளூர்க் கிளை. இருபத்திரண்டு பேர், மாடியில் ஓர் அறை, ஒரு பீரோ, கொஞ்சம் பிளாஸ்டிக் நாற்காலிகள். தலைவர் சுப்புராஜ், ஒரு மில்லில் கட்டட வேலைகளைப் பார்த்து ஓய்வு பெற்றவர். செயலாளர் நான். ஊரில் ஏதாவது கட்டடம் ஆபத்தாகத் தெரிந்தால் போய்ப் பார்த்து, சம்பந்தப்பட்ட ஆபீசுக்கு எழுதிக் கொடுப்போம். அதற்குக் கூலி வாங்க மாட்டோம்.

எங்களுக்கு ஒரு விதி இருந்தது. கடிதத்தைத் தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்த விஷயமாக யாரும் ஆளாகப் போய் அதிகாரி முன்னால் நிற்கக் கூடாது. முன்பு தலைவராக இருந்த ஆவுடையப்பன் மன்றத்து லெட்டர்பேடைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதிகாரிகளைப் பார்க்கப் போவார். பாலம் ஆபத்தாக இருக்கிறது என்று பேச்சை ஆரம்பிப்பார். நாலு மாதத்தில் பார்த்தால் அந்தப் பாலத்து வேலை அவர் மச்சினன் கையில் இருக்கும். ஊரே காறித் துப்பியது. அதற்குப் பிறகு சுப்புராஜ் கொண்டுவந்த விதி இது. எங்கள் கை சுத்தம் என்பதில் எங்களுக்கு அம்புட்டுப் பெருமை.

குடோன் சுவரைப் பார்க்கப் போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க, மேலேயிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். காற்றில் நூல் ஆடிக்கொண்டே இருந்தது. இட்லிக் கொப்பரையை இறக்கி வைத்துவிட்டுச் சண்முகத்தாய் வந்து, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நூலைப் பிடித்து நிறுத்தினாள். சுவர் நாலு விரற்கடை தெருப்பக்கம் சாய்ந்திருந்தது. அடியில் செங்கல்லை உப்பு அரித்திருந்தது.

"விழுந்துருமாம்மா?"

"அடுத்த மழையத் தாங்காதுக்கா. கடைய எடுத்துருங்க."

"எங்கிட்டு எடுக்க? நீங்க எழுதிக் குடுங்க. ஆபீஸ்காரவுக வந்து இடிக்கையில நான் நகந்துக்கிடுதேன்."

எழுதிக் கொடுத்தோம். பத்தே நாளில் பதில் வந்தது. எங்கள் அறை மாதம் ஒருநாள்தானே திறந்திருக்கும்? கொண்டுவந்த ஆள் கவரைச் சண்முகத்தாயிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எண்ணெய் படக்கூடாதென்று அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்து, என்னைக் கண்டதும் எடுத்து நீட்டினாள். என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். உங்கள் கடிதம் கிடைத்தது, சேர்ந்து போய்ப் பார்த்து முடிவெடுக்க நேரில் வாருங்கள் என்று போட்டிருந்தது. சொன்னேன். அவள் முகம் பூவாக மலர்ந்தது.

"எப்ப போறிய?"

நாங்கள் போகவில்லை. கூட்டத்தில் பேசினோம். சுப்புராஜ், "விதி விதிதாம்மா. இன்னைக்குச் செவத்துக்குப் போனா நாளைக்கு வேற எதுக்கோ போவோம்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். எங்கள் கருத்தை ஏற்கெனவே எழுத்தில் தெரிவித்துவிட்டோம் என்று பதில் அனுப்பினோம். தட்டச்சு செய்ததும் கையெழுத்துப் போட்டதும் நான்தான். அதற்குப் பிறகு கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் அவள் கேட்பாள். "பாப்போம்க்கா" என்று சொல்லிக்கொண்டே மாடியேறிவிடுவேன். கார்த்திகையில் மூன்று நாள் மழை விடாமல் பெய்தது. நாலாம் நாள் காலை எட்டே முக்காலுக்குச் சுவர் சாய்ந்தபோது, அவள் யாருக்கோ சட்னி ஊற்றிக்கொண்டிருந்தாளாம்.

போன மாதக் கூட்டத்துக்கு வருவோம். பாதியில் ஒரு பெண் படியேறி வந்தாள். சண்முகத்தாயின் மகள் பாண்டிசெல்வி. ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி ஒரு சின்னப் பேரூராட்சியில் வாழ்க்கைப்பட்டு, அங்கே அங்கன்வாடியில் உதவியாளராக இருக்கிறாள். ஊர்ப் பெயர் வேண்டாம். போனை எடுத்துப் படம் காட்டினாள். அங்கன்வாடிச் சுவரிலிருந்து பத்தடி தூரத்தில் பழைய மேல்நிலைத் தண்ணீர்த்தொட்டி. ஒரு தூணில் சிமெண்ட் பெயர்ந்து, கம்பி துருவேறி வெளியே தெரிந்தது. படத்தின் ஓரத்தில் பிள்ளைகளின் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. பதினெட்டுப் பிள்ளைகள் என்றாள்.

"நேத்து ஒரு கட்டி உதுந்து முத்தத்துல விழுந்துச்சு மேடம். எங்கம்மாவுக்கு எழுதுன மாதிரி எழுதிட்டு உக்காந்துராதிய. அன்னைக்கு அந்த ஆபீஸ்ல ஒரு பயலாவது உங்களக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா எங்கம்மா இருந்திருக்கும். ஒருத்தனும் கேக்கலயே!"

நேரில் வாருங்கள் என்று வந்த பதில் கடிதம் பீரோவுக்குள் இருந்தது. இருபத்திரண்டு பேருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. அவளுக்குப் பின்னால், கடைசி நாற்காலியில், அவள் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"எப்ப போறிய?"

"திங்கக்கெழம போறேன்" என்று நான் எழுந்து சொன்னேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

சுப்புராஜ் கண்ணாடியைக் கழற்றினார். கோபம் வந்தால் அவருக்கு வீட்டுத் தெலுங்கு எட்டிப் பார்க்கும். "ஏமிம்மா இது? விதி இருக்குல்ல?"

"வெங்காய விதி!" நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தேன். "ஆவுடையப்பன் போனது அவருக்கு வேல கேக்க. நாம போறது நமக்கு ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிட்டு, கண்ணால பாத்ததச் சொல்ல. ரெண்டும் ஒண்ணா சார்? போனதா தப்பு? ஒத்தையில போயி, கதவச் சாத்திக்கிட்டுப் பேசுனதுதான் தப்பு."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு தாளை எடுத்து அவரே எழுதினார். மூன்று பேராகப் போக வேண்டும், தனியாக யாரும் போகக் கூடாது. அறைக்குள் போகாமல் எல்லோரும் பார்க்கிற இடத்தில் பேச வேண்டும். பேசியதை அன்றைக்கே எழுதி, ஆபீசுக்கு ஒன்று கொடுத்து, நம் அறிவிப்புப் பலகையில் ஒன்று ஒட்ட வேண்டும். இந்தத் தொட்டியில் எந்த வேலையையும் நம் இருபத்திரண்டு பேரில் ஒருவரும், அவர்கள் வீட்டாரும் எடுக்க மாட்டார்கள். கடைசி வரிக்குக் கீழே முதல் கையெழுத்து அவருடையது. அப்படிப்பட்ட டேங்க் வேலைகள்தான் எங்கள் உறுப்பினர் வினோத்துக்குப் பிழைப்பு. சின்ன வயது, இப்போதுதான் தொழில் பிடித்திருக்கிறான். பேனாவை வைத்துக்கொண்டு செத்த நேரம் யோசித்தான். அப்புறம் போட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் என் வாய் பாடியது, மனசு முழுக்க அந்தத் தூணில் இருந்தது. மத்தியானம் மேற்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தபோது வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். நல்லவேளை, மழை பெய்யவில்லை.

திங்கட்கிழமை சுப்புராஜ், வினோத், நான். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்ததும் வினோத் காரை ஓரங்கட்டினான்.

"வெறுங்கையோடயா மேடம் போறது? ஒரு கிலோ பால்கோவா வாங்கிக்கிடுவோம்."

"ஏலே, அந்த ஒரு கிலோவுலதான் எல்லாம் ஆரம்பிக்கும். வண்டிய எடு."

முதலில் தொட்டிக்குப் போனோம். தூணைத் தொட்டேன். விரல் வைத்த இடத்தில் கம்பி செதில் செதிலாக உரிந்து வந்தது. ஒரு செதிலைக் கவரில் போட்டுக்கொண்டேன். அங்கன்வாடிக்குள் பிள்ளைகள் ஏதோ பாட்டைக் கத்திப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

பேரூராட்சி அலுவலகத்தில் செயல் அலுவலர் சின்ன வயதுக்காரர். எங்களை உள்ளே வரச் சொன்னார். வேண்டாம், இங்கேயே பேசுவோம் என்று, வரி கட்ட வந்தவர்கள் நிற்கிற கூடத்திலேயே நின்றோம். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"உங்களுக்கு என்ன மேடம் வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம் சார். வேண்டாம்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொண்டாந்திருக்கோம். மொதல்ல அதப் படிங்க."

படித்தார். திரும்பவும் படித்தார். நான் கவரைத் திறந்து துருச் செதிலை அவர் உள்ளங்கையில் வைத்து, மூடச் சொன்னேன். மூடித் திறந்தார். கையில் சிவப்புப் பொடிதான் இருந்தது.

"இதுதான் சார் அந்தத் தொட்டியத் தாங்கிக்கிட்டு இருக்கு."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "தொட்டி பழசுன்னு மனு வந்திருக்கு மேடம். ஒரு நாளைக்கு இருபது மனு வருது. நான் இன்ஜினியர் இல்ல. பேப்பர்ல ஆபத்துன்னு போட்டா அது இன்னைக்கா, பத்து வருசம் கழிச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? இப்படி யாராவது வந்து கையில குடுத்திருந்தா அப்பவே புரிஞ்சிருக்குமே!"

மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஆபீசில் வேறொரு மனிதர் இதைத்தான் எழுத்தில் கேட்டிருந்தார். சுப்புராஜ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். சுற்றிலும் கயிறு கட்டினார்கள். பகல் பன்னிரண்டு மணிக்குப் பதினெட்டுப் பிள்ளைகளும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு சமுதாயக் கூடத்துக்கு நடந்து போனார்கள். செருப்புகளை ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு பாண்டிசெல்வி பின்னால் போனாள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன், யார் பார்த்தால் என்ன?

கூடத்து வாசலில் அவள் சாக்கை இறக்கி வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருப்பிய மேடம். இன்னைக்குக் கேட்ட மாதிரி அன்னைக்கு ஒரு ஆபீசர் கேட்டிருந்தா..."

அங்கேயே பேசாமல் வந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தக் கையும் அவள் அம்மா கை மாதிரியே ஈரமாக இருந்தது.

"கேட்டாங்க பாண்டிசெல்வி" என்றேன். "நேர்ல வரச் சொல்லி லெட்டர் போட்டாங்க. நாங்கதான் போகல. எங்க விதிப்படி போகக் கூடாதுன்னு இருந்துட்டோம். வர மாட்டோம்னு பதில் எழுதுனது நான்."

அவள் கையை உடனே விடவில்லை. நான் சொன்னது அவளுக்குள் இறங்கக் கொஞ்ச நேரமானது. இறங்கியதும் விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. திட்டுவாள், அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"வரச் சொன்னது எங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். அந்தக் கவர வாங்கி வச்சிருந்து என் கையில குடுத்ததே அவியதான்."

பாண்டிசெல்வி குனிந்து சாக்கிலிருந்து செருப்புகளை ஒவ்வொரு ஜோடியாக எடுத்து வாசலில் வரிசையாக அடுக்கினாள். கடைசி ஜோடியை வைத்த பிறகுதான் பேசினாள்.

"கடைய எடுத்துரும்மா, எடுத்துரும்மான்னு நான் தெனம் போன் போட்டுச் சொன்னேன். 'இஞ்சினியரம்மா பாப்போம்னு சொல்லியிருக்கு, அது பாத்துக்கிடும்'னுச்சு. நீங்க போவிய போவியன்னுதான் எங்கம்மா அந்தச் செவத்துக்குக் கீழயே உக்காந்திருந்திருக்கு."

சொல்லிவிட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு போட உள்ளே போய்விட்டாள். நான் வெயிலில் நின்றுகொண்டே இருந்தேன். வினோத் வந்துதான் காருக்குக் கூட்டிப் போனான்.

இந்த மாதக் கூட்டத்தில், நேரில் வரச் சொன்ன அந்தப் பழைய கடிதத்தைப் பீரோவிலிருந்து எடுத்து, பேரூராட்சியில் பேசியதை எழுதிய தாளுக்குப் பக்கத்தில் பலகையில் ஒட்டினேன். சுப்புராஜ் தடுக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். கடைசி நாற்காலியில் சண்முகத்தாய் இருந்தாள். தலையில் அதே சுண்ணாம்புத் தூசி. கூட்டம் முடியும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் கேட்கவில்லை.