யசோதரனின் கடைசி ஆட்டமும் என் சப்பாத்தும்

அன்று பிற்பகல் அந்த விளையாட்டு மண்டபத்தில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாதவர்கள்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள். கனகசுந்தரமாகிய நான், என் மனைவி புஷ்பராணி, எங்கள் பக்கத்தில் என் தம்பியின் மனைவி தாட்சாயினி, கீழே களத்தின் ஓரத்தில் தம்பி யசோதரன், அவன் பழக்கிய சீனப் பள்ளிப் பெண்கள், அவர்களுக்குத் தலைவி ஹூய் மின், நடுவர் ஹஸ்ருல், எதிரணியும் அதன் பயிற்றுநரும். அடுத்த வீட்டு பெஞ்சமின் அங்கே இல்லை. அவர் பட்டர்வொர்த்தில் மைத்துனர் வீட்டில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி எவ்லினே இதை என்னிடம் சொன்னார்.

எங்கள் அப்பா ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தா. பெரியப்பா மகன் டாக்டர். சித்தப்பா மகன் வழக்கறிஞர். நான் சுங்கத் துறையில் இருந்து, ஒரு குறையும் சொல்ல இடம் வைக்காமல் ஓய்வு பெற்றேன். யசோதரனும் கணக்காய்வாளராகி நல்ல இடத்தில்தான் சேர்ந்தான். சேர்ந்தவன் ஒரு வெள்ளிக்கிழமை வேலையை விட்டுவிட்டு, திங்கட்கிழமை கழுத்தில் விசிலோடு வந்து நின்றான். கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கப் போகிறானாம். அப்பா அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. யாராவது கேட்டால் “கல்வித் துறையில் இருக்கிறான்” என்று சொல்வதென வீட்டில் முடிவானது. முடிவு எடுத்தவர் அப்பா. அவர் போன பிறகும் அதைக் காப்பாற்றி வந்தவன் நான்.

அவன் கெட்டிக்காரன்தான், அதை யாரும் மறுக்கவில்லை. உயரம் போதாது என்று மற்றப் பள்ளிகள் திருப்பி அனுப்பிய பெண்களை எடுத்துக்கொண்டு மாநிலக் கோப்பையை வாங்கினான். அடுத்த வருடமும் வாங்கினான். பிறகு அது வழக்கமாகிவிட்டது. நாட்டின் இளையோர் அணிக்கும் அவனைக் கூப்பிட்டார்கள். சீனப் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு அவன் படம் வந்தது. அதுவரை எங்கள் குடும்பத்தில் ஒருவர் படம் பத்திரிகையில் வர வேண்டுமானால் அவர் செத்திருக்க வேண்டும். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கோப்பிக் கடைக்காரர் வாசித்துக் காட்டினார். ‘குள்ளப் பெண்களின் தந்தை’ என்று போட்டிருந்தார்களாம். அந்தப் பத்திரிகையை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

இத்தனை வருடத்தில் ஓர் ஆட்டத்துக்கும் நான் போனதில்லை. இந்த முறை அவனே வந்து கூடத்தில் நின்றான்.

“அண்ணே, இதோட நான் ரிட்டையர் ஆகுறேன். கடைசி பைனல். ஒரு தடவ வந்து பாருங்கண்ணே. ஒரே ஒரு தடவ lah.”

கோட்டும் டையும் போட்டுக்கொண்டு கிளம்பினேன். புஷ்பராணி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“பொண்ணு பாக்கவா போறோம்? அங்க எல்லாரும் அரைக்கால் சட்டையில இருப்பாங்க.”

“அதனாலதான்,” என்றேன்.

ஆட்டத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. தாட்சாயினிதான் விளக்கிக்கொண்டே வந்தாள். நான் கவனித்ததெல்லாம் தம்பியைத்தான். அறுபதை நெருங்கியவன், களத்தின் ஓரக்கோட்டில் கட்டுச்சேவல் மாதிரி மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தான். போதாததற்கு ஹொக்கியன் என்ற சீனப் பேச்சில் கத்தினான். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை, பினாங்குத் துறைமுகத்து ஹொக்கியனில், நடுவரின் பாட்டனார் வரைக்கும் போய் வந்தான். சுற்றியிருந்த சீனர்கள் கைதட்டினார்கள். எனக்கு அந்த மொழி தெரியாது என்று அவன் நினைத்திருந்தான். சுங்கத் துறையில் இருந்தவனுக்கு அது தெரியாமல் எப்படி? ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது.

இடையில் துண்டைச் சுழற்றித் தரையில் அடித்தான். ஹஸ்ருல் இரண்டு கைகளையும் T போல வைத்துக் காட்டினார்.

“அது டெக்னிக்கல் ஃபவுல் அத்தான்,” என்றாள் தாட்சாயினி. “இன்னொன்னு வாங்குனா வெளிய அனுப்பிருவாங்க. கடைசி ஆட்டத்துல போயி…” கைக்குட்டையைக் கசக்கினாள்.

ஆட்டம் முடிய மிகக் கொஞ்ச நேரமே இருந்தது. எங்கள் பெண்கள் ஒரு புள்ளி பின்னால். நிறுத்திப் பேசக் கிடைக்கும் இடைவேளைகளை எல்லாம் அவன் முன்பே தீர்த்திருந்தான். அப்போது ஹூய் மின் முழங்கால் அடிபட விழுந்தாள். பந்து வெளியே உருண்டது. ஹஸ்ருல் அதை எதிரணிக்குக் கொடுத்தார். யசோதரனின் கழுத்து சிவந்தது. அந்தச் சிவப்பு எனக்குத் தெரியும். சின்ன வயதில் கேரம் பலகையைக் கவிழ்ப்பதற்கு முன்னும் அப்படித்தான் சிவக்கும். அவன் நடுவரை நோக்கி நடக்கத் தொடங்கினான். வாயில் எந்தச் சொல் தயாராகிறது என்பதும் எனக்குத் தெரிந்தது. அது தாயைப் பற்றியது.

நான் எழுந்தேன்.

“எங்க போறீங்க? உக்காருங்க! இது கோயில் கமிட்டி மீட்டிங் இல்ல,” என்று புஷ்பராணி கோட்டைப் பிடித்தாள். கோட்டு நல்ல துணி, தாங்கியது.

படியிறங்கிக் களத்தோரம் வந்ததும் பெஞ்சிலிருந்த ஒரு பெண், “அங்கிள்! ஷூ! ஷூ!” என்று கத்தினாள். மரத்தரை, தோல் சப்பாத்தோடு மிதிக்கக் கூடாதாம். நியாயம்தான். குனிந்து கயிற்றை அவிழ்த்து, இரண்டையும் சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு, காலுறையோடு உள்ளே போனேன்.

“யசோ.”

அவ்வளவுதான் சொன்னேன். எங்கள் வீட்டில் மூத்தவன் எதிரே நின்றால் இளையவன் குரலை உயர்த்துவதில்லை. அப்பா வைத்த சட்டம். அவன் வாய் திறந்தபடியே நின்றது, பிறகு மூடியது. இரண்டு கைகளும் தாமாகவே மார்பின் மேல் கட்டிக்கொண்டன. பயிற்றுநர் செய்வதை அப்படியே செய்யப் பழகிய பெண்கள், இதுவும் ஏதோ புதிய ஆட்டமுறை என்று நினைத்தார்களோ என்னவோ, வரிசையாக நின்று கைகட்டினார்கள்.

“என்ன வார்த்த இதெல்லாம்?” என்றேன். “அப்பா பேர நெனச்சுப் பாத்தியா?”

அவன் தலை குனிந்தபடி மெல்லக் கேட்டான்: “உங்களுக்கு ஹொக்கியன் தெரியுமாண்ணே?”

“தெரியும்.”

“எல்லாமேவா?”

“எல்லாமே.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

ஹஸ்ருல் ஓடி வந்தார். இருபத்தைந்து முப்பது வயதிருக்கும். T போடத் தூக்கிய கைகள் பாதியில் நின்றிருந்தன. “பாக்சிக் யார்?” என்று மலாயில் கேட்டார். பாக்சிக் என்றால் மாமா.

“அபாங் டியா,” என்றேன். அவனுடைய அண்ணன். மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன், ஏனென்றால் எதிரணிப் பயிற்றுநர் பின்னாலிருந்து கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்.

ஹஸ்ருல் கைகட்டி நின்ற தம்பியைப் பார்த்தார். என் காலுறையைப் பார்த்தார். அவருக்கும் ஓர் அபாங் இருக்க வேண்டும். கைகளை இறக்கிக்கொண்டு, “ஓகே பாக்சிக், தயவுசெய்து மேலே போங்கள்,” என்றார். இதற்குள் பெண்கள் தண்ணீர் குடித்துவிட்டார்கள். ஹூய் மின்னின் முழங்காலில் மருந்து அடித்தாயிற்று. தம்பி கட்டிய கையை அவிழ்க்காமலே அவளிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான்.

நான் படியேறிக்கொண்டிருந்தபோது ஆட்டம் தொடங்கியது. எதிரணி எறிந்த பந்தை ஹூய் மின் நடுவில் பறித்து, ஓடி, கூடைக்குள் போட்டாளாம். எனக்குக் கேட்டது இரைச்சல் மட்டும். படியேறும்போது திரும்பிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. திரும்பியபோது பலகையில் நாங்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். நேரம் முடிந்திருந்தது. தாட்சாயினி புஷ்பராணியின் தோளில் அழுதுகொண்டிருந்தாள்.

தம்பி வியர்வை சொட்ட மேலே வந்தான்.

“பாத்தீங்களாண்ணே?”

“உன்னப் பாத்தேன்,” என்றேன். அது பொய்யில்லை.

இப்போது பேச்சுக்கு வருகிறேன். இடைவேளைகள் தீர்ந்துபோனதால் யசோதரன் தன் அண்ணனையே இடைவேளையாக இறக்கினான், எல்லாம் குடும்பமாகப் போட்ட திட்டம் என்று பெஞ்சமின் கோப்பிக் கடையில் சொல்கிறார். எதிரணியும் அதையே கூடைப்பந்துச் சங்கத்தில் புகாராகக் கொடுத்திருக்கிறதாம். கோப்பையைத் திருப்பிக் கேட்கலாம் என்றும் கேள்வி. விசாரணைக்குக் கூப்பிட்டால் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு போவேன். எங்கள் குடும்பத்தில் யாரும் திட்டம் போடவில்லை. போட்டிருந்தால் அவன் கணக்காய்வாளராகவே இருந்திருப்பான். நான் களத்துக்குள் ஓடினேன் என்பதும் தவறு. நடந்துதான் போனேன்.

அன்று கோப்பை வாங்கியபின் எடுத்த படத்தைக் கூடத்தில், அப்பா படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறேன். தம்பியும் பெண்களும் அப்போதும் வரிசையாகக் கைகட்டி நிற்கிறார்கள். அதனால் கோப்பையைப் பிடிக்க ஒரு கையும் இல்லை. அது தரையில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு ஜோடி கறுப்புச் சப்பாத்து. அது ஆட்டத்துக்குப் பணம் கொடுத்த கம்பெனியின் விளம்பரம் என்று சொல்கிறார்கள்.

விளம்பரம் இல்லை. அது என் சப்பாத்து.