இரண்டாம் முறை கேட்காத ரேஞ்சர்

ஆற்றுப் பள்ளத்தாக்குப் பூங்காவில் செப்டம்பர் விழாவுக்கு ஏர் ஓட்டுபவர் இருபத்திரண்டு வருடமாக ஆர்வின்தான். நார்வேயிலிருந்து வந்தவர்கள் கட்டிய மரவீட்டின் பின்னால் கால் ஏக்கர். இரண்டு உழவுக் குதிரைகள், ஒரு பழைய கலப்பை. அத்தனை வருடமும் நான் வேலியோரம் நின்று பார்த்தேன். கொட்டகையில் யாரும் இல்லாதபோது தள்ளுவண்டியின் கைப்பிடியை ஏர் பிடிப்பதுபோல் பிடித்துக் குனிந்து நடந்திருக்கிறேன். என் மனைவி ஆர்டிஸுக்கு மட்டும் இது தெரியும்.

இந்த வருடம் ஆர்வினுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. ஜூலையில் ஆற்றோரப் பாதையில் புது ரேஞ்சர் டானியா என்னை நிறுத்தி, ஏர் ஓட்ட முடியுமா என்று கேட்டாள். அரிசோனாக்காரி, எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவள்.

"நான் எதுக்கு? என்னைவிட நல்லா ஓட்டுறவங்க இருப்பாங்க" என்றேன்.

எங்கள் ஊரில் ஒரு வாய் காப்பியைக்கூட மூன்றாம் முறை கேட்டபிறகுதான் வாங்குவோம். முதல் தடவையே தலையாட்டுகிறவன் வளர்ப்பு சரியில்லாதவன்.

"சரிங்க சார், வேற ஆளப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஓக் மரத்தடியில் ஒரு மான் நின்று என்னைப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விட்டது.

அவள் பக்கத்துப் பண்ணை ஆர்லோவைக் கேட்டாளாம். தனக்கு முழங்கால் வலி என்றிருக்கிறான். அவன் மச்சான் கர்மிட்டைக் கேட்டிருக்கிறாள். அவனுக்குக் குதிரை என்றாலே ஒத்துக்கொள்ளாதாம். வீட்டில் நான்கு வளர்க்கிறான். எல்லோரும் இரண்டாவது அழைப்புக்குக் காத்திருந்தோம்.

நேரே போய்ச் சொல்லிவிடுங்கள் என்று ஆர்டிஸ் சொல்லவில்லை. அவளும் இந்த ஊர்தான். சனிக்கிழமை பூங்காவுக்குப் போகலாம், பீவர் மரக்கிளைகளைக் கடித்துப்போட்டு ஆற்றில் புதிதாக அணை கட்டியிருக்கிறதாம் என்று மட்டும் சொன்னாள்.

மூன்று சனிக்கிழமை அந்த அணையைப் பார்த்தோம். மூன்றிலும் ஆர்லோ அங்கே பைனாகுலரோடு நின்றான். முழங்கால் வலிக்காரன், இரண்டு மைல் மேட்டுப்பாதை ஏறி வந்திருந்தான். என்ன தெரிகிறது என்று கேட்டேன். காட்டு வான்கோழி என்றான். அவன் பைனாகுலர் பார்த்துக்கொண்டிருந்தது ரேஞ்சர் அலுவலகத்தை. நானும் அதையே பார்த்தேன். அரை மணி நேரம் ஒருவரும் பேசவில்லை. அந்த மௌனத்தில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. வாழ்க்கையில் எனக்கு நன்றாக வருவது அது ஒன்றுதான்.

மூன்றாவது சனிக்கிழமை டானியா பாதையில் ஏறி வந்தாள். ஆள் கிடைக்காததால் இந்த வருடம் உழவு இல்லையாம். குதிரைக்காரரிடம் மதியத்துக்குள் வேண்டாம் என்று சொல்லிவிடப்போகிறாளாம். எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்தாள். கேட்பாள் என்று நின்றோம். கேட்கவில்லை. திரும்பி இறங்கத் தொடங்கினாள்.

ஆர்லோ மூச்சை இழுப்பது கேட்டது. பேசப்போகிறான்.

"நான் ஓட்டுறேன்" என்றேன்.

டானியா நின்றாள். "அன்னைக்கு முடியாதுன்னீங்களே சார்?"

"எனக்கு ஆசை."

அந்தச் சொல்லை இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் இதற்குமுன் வாய்விட்டுச் சொல்லியிருப்பார்களா என்று தெரியவில்லை. ஆர்லோ பைனாகுலரை இறக்கிவிட்டு, ஆடையில்லாமல் நிற்பவனைப் பார்க்காமல் இருப்பதுபோல் ஆற்றைப் பார்த்தான்.

ஆர்டிஸின் முகம் சிவந்துவிட்டது. "மன்னிச்சிக்கோம்மா. ராத்திரியெல்லாம் இவருக்குச் சரியாத் தூக்கமில்ல" என்றாள்.

டானியா சிரித்துக்கொண்டே என் பெயரை எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்குப் பதினோரு மைல். சாலையோரம் எங்கள் வீட்டுத் தபால்பெட்டி தெரிந்தபோதுதான் ஆர்டிஸ் வாயைத் திறந்தாள்.

"அவ கேக்கவே இல்லையேங்க."

"ஆமா" என்றேன்.

இன்னும் கொஞ்ச தூரம் போனோம். பிறகு, கார் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, விழாவன்று எந்தச் சட்டை போடுவீர்கள் என்று கேட்டாள்.