சின்னையாவின் கட்டைவிரல் நகம்

கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். கோயில் திருவிழா முடிந்த மறுநாள், தோட்டத்து மண்டபத்தில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று போட்டார்கள். போலி வைத்தியன் ஒருவன் நன்றாக இருக்கிற ஊரையே நோயில் படுக்க வைக்கும் கதை.

"நகத்தில் வெள்ளைக் கோடா? ஈரல் இடம் மாறிவிட்டது. மற்ற டாக்டர்கள் ஒன்றுமில்லை என்பார்கள். நோய் முற்றியதற்கு அதுதான் அடையாளம்" என்று அவன் சொன்ன இடத்தில், லோரி ஓட்டும் சின்னையா வயிறு வலிக்கச் சிரித்தார்.

மறுநாள் காலை ஸ்டேரிங்கைப் பிடித்தபோது அவர் கட்டைவிரல் நகத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது.

"காமெடிக்குச் சொன்னதுங்க. நீங்கதான அப்புடிச் சிரிச்சீங்க" என்றாள் மனைவி புனிதவதி.

"சிரிச்சேன் லா. அதுக்காகக் கோடு இல்லன்னு ஆயிருமா?"

ஈரல் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது. அதனால் இரண்டு பக்கமும் வலித்தது. டயர் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு புஞ்சாக் ஆலாம் கிளினிக்குக்குப் போனார். அங்கே, படம் போட ஏற்பாடு செய்த கோயில் தலைவர் முருகையா சட்டைப்பைக்குள் கையை விட்டபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அதே தோட்டத்துத் தாயம்மா, முந்தானையில் விரலைச் சுற்றியபடி. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

முன்பே வந்திருந்த இருவரும் தலையசைத்து அவரை முதலில் உள்ளே அனுப்பினார்கள். டாக்டர் ஷஹீதா நகத்தைப் பார்த்தார். "ஒன்னுமில்ல அங்கிள். எங்கயாச்சும் இடிச்சிருப்பீங்க."

சின்னையாவுக்கு வியர்த்துவிட்டது.

"காலைலேர்ந்து உங்க தோட்டத்து ஆளுங்க ஒவ்வொருத்தரா விரல நீட்டுறாங்க. ஒன்னுமில்லன்னா அழுவுற மாதிரி பாக்குறாங்க. என்ன விசயம்?"

அவர் தயங்கித் தயங்கிப் படத்தைப் பற்றிச் சொன்னார். டாக்டர் சிரித்தார். "ஈரல் கொஞ்சம் நகந்திருக்கு, கீரை சாப்ட்டா திரும்பிரும்னு சொன்னா நிம்மதியா போவீங்களா?"

"போவேன் டாக்டர்" என்றார் சட்டென்று. பிறகு, "ஆனா அது பொய் இல்லியா?"

"பொய்தான்."

பொய் நிம்மதி தருகிறது, உண்மை வியர்க்க வைக்கிறது. இதில் எதைப் பிடித்துக்கொள்வது என்று அவருக்குப் புரியவில்லை. டாக்டர் அவரைப் படுக்க வைத்து ஸ்கேன் எடுத்து, திரையில் சாம்பல் நிறமாக எதையோ காட்டினார். "இதுதான் ஈரல். பொறந்த எடத்துலயே இருக்கு."

ஒன்றும் பிடிபடவில்லை. என்றாலும் கேட்க நன்றாக இருந்தது.

வெளியே வந்ததும் முருகையா மெல்லக் கேட்டார்: "என்ன சொன்னாங்கப்பா?"

"ஒன்னுமில்லன்னுட்டாங்க."

முருகையாவின் முகம் வெளுத்தது. தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் சின்னையாவுக்கு உறைத்தது. விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தார். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. முருகையாவின் முறை வரும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.