வெள்ளிக் கை

உருக்காலையில் உலைக்கு முன் நிற்பவர்களின் கோட்டுகளை அவள்தான் தைத்தாள். கண்ணாடி போல் மின்னும் அலுமினியத் துணி. நூல் நெருப்பைப் பார்க்கக் கூடாது என்பதால் தையல் உட்பக்கம் விழ வேண்டும். ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு ஓட்டம். பன்னிரண்டு வருடத்தில் அவள் தைத்த ஒரு மூட்டும் விட்டதில்லை.

அந்தத் தையலை யாரும் பார்த்ததும் இல்லை. புதுக் கோட்டு கையில் கிடைத்த அன்றே ஆட்கள் சுவரோரம் போய்ப் புகைக்கரியை அள்ளி அதில் தேய்த்துவிடுவார்கள். மின்னும் கோட்டோடு உலைக்கு முன் வருகிறவனுக்கு அங்கே மாப்பிள்ளை என்று பெயர். கோட்டு எவ்வளவு கறுப்போ அவ்வளவு அனுபவம். வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு அதிகாரி வந்து, கோட்டைத் துடைத்து வையுங்கள் என்று பேசிவிட்டுப் போவார். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

எல்லோரையும்விடக் கறுப்பான கோட்டு அவளுடைய அண்ணனுடையது. கரியண்ணன் என்றே கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக உலைக்கு முன் நிற்பவர். கதவு திறந்ததும் நீளக் கரண்டியோடு போய், உருகிய இரும்பின் ஆழத்திலிருந்து மாதிரி அள்ளி வர வேண்டும். மற்றவர்கள் பன்னிரண்டு எண்ணுவதற்குள் ஓடி வந்துவிடுவார்கள். அவசரத்தில் மேலாக அள்ளிய மாதிரியில் கசடு கலந்திருக்கும். ஆய்வகம் திருப்பி அனுப்பும். மறுபடி போக வேண்டும். அண்ணன் பதினெட்டு நிற்பார். அவருடைய மாதிரி திரும்பி வந்ததே இல்லை. உலைக்கூடத்துத் தூணில் சாக்பீஸால் எழுதிய அந்தப் பதினெட்டை எட்டு வருடமாக யாரும் அழிக்கவில்லை.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம்கூட அவள் இதைச் சொல்வாள். எங்கண்ணன் பதினெட்டு நிப்பாரு என்று. அவர்களுக்கு ஒன்றும் புரியாது.

போன மாதம் அவருடைய இடது முன்கையில் இரண்டாவது தடவையாகக் கொப்புளம் வந்தது. கரண்டி பிடிக்கும்போது முன்னால் நீளும் கை அது. ஆலை மருத்துவர் கட்டுப்போட்டுவிட்டு, இன்னொரு கொப்புளம் வந்தால் எடைமேடைக்கு மாற்றிவிடுவேன் என்றார். அடுத்த பரிசோதனைக்கு ஒரு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தார்.

"எடைமேடையில உக்காந்து லாரிக்கு டாட்டா காட்டணுமா?" என்றார் அண்ணன்.  இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அவர் உலையை விட்டு வர வேண்டும் என்று அவளும் நினைக்கவில்லை. அங்கேயே நிற்க வேண்டும். அதற்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

தையல் மேசையில் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கும்போது கன்னத்தில் சூடு அடிக்கும். தொட வேண்டியதில்லை, எதிரே இருந்தால் போதும். ஒருநாள் அலுமினியத் துண்டு ஒன்றை நடுவில் பிடித்தாள். சூடு சட்டென்று நின்றது. துணியும் சுடவில்லை. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது போலிருந்தது. பிறகு கரி அப்பிய பழைய துண்டைப் பிடித்தாள். இருபது எண்ணுவதற்குள் துணி கொதித்துச் சூடு விரலுக்கு வந்துவிட்டது. இரண்டும் ஒரே துணி. ஒரே சுருளிலிருந்து அவளே வெட்டியது.

இதை அண்ணனிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். உலைக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்று அவர் சிரித்தார். உலைப் பக்கம் காற்றே கொதிக்கிறது, அதற்குத் துணி என்ன செய்யும் என்றார். கதவை மூடினதும் சூடு அந்த நிமிஷமே நிற்கிறதே, அதற்குள் காற்று ஆறிவிட்டதா என்று கேட்டாள். 

பரிசோதனை இருந்த வாரம் செவ்வாய்க்கிழமை அவருடைய கோட்டில் கொக்கி உடைந்தது. அவளிடம் கொண்டுவந்தார்.

"கொக்கி மட்டும் மாத்து. வேற எதுலயும் கை வெக்காதே. தொடைக்கவும் வேணாம்."

அவள் கொக்கியை மாற்றினாள். பிறகு இடது கையைத் தோள் மூட்டோடு பிரித்து எடுத்துவிட்டுப் புதிய கையை வைத்துத் தைத்தாள். அவ்வளவு கறுப்புக்கு நடுவில் அது குழல்விளக்கு மாதிரி இருந்தது.

மறுநாள் காலை, சங்கு ஊத ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் கோட்டை எடுக்க வந்தார். புதிய கையை நுனியில் பிடித்துத் தூக்கினார்.

"என்ன பண்ணி வச்சிருக்கே?"

"கை மாத்தியிருக்கேன்."

"நான் கேட்டேனா?"

"இல்ல."

"நாலு பேர் முன்னாடி என்னைக் கோமாளியாக்கணும், அதானே?"

"ஒரு ஷிப்ட் போட்டுப் பாருண்ணா. புடிக்கலன்னா பழைய கையை நானே திருப்பித் தைக்கிறேன். எடுத்துத்தான் வச்சிருக்கேன்."

அவர் அளவுக்கு வேறு கோட்டு இல்லை. சங்கு ஊதியது. கோட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

தையலறையின் ஜன்னலிலிருந்து முற்றத்தைத் தாண்டி உலைக்கூடம் தெரியும். அவர் கோட்டைப் போட்டதும் ஆட்கள் கூடினார்கள். நெட்டை என்ற உயரமான ஆள் சொன்னது அவள் காது வரை வந்தது.

"என்னண்ணே, ஒரு கைக்கு மட்டும் கல்யாணமா?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

உலைக்கதவு மேலே ஏறியது. கூடம் வெளுத்தது. அவர் கரண்டியோடு போய் இடது கையை முன்னால் நீட்டி நின்றார். அவள் எண்ணினாள். பத்து. பதினைந்து. பதினெட்டில் அவருடைய தோள் பின்வாங்கும், தூரத்திலிருந்தே தெரியும். பின்வாங்கவில்லை. இருபது. நெட்டை சிரிப்பதை நிறுத்தியிருந்தான். இருபத்தைந்து. அவர் வலது தோளை மட்டும் பின்னால் இழுத்து, உடம்பை ஒருக்களித்து, மின்னும் கைக்குப் பின்னால் மறைந்து நின்றார். முப்பத்தொன்றில் திரும்பி வந்தார்.

மாதிரியை அச்சில் ஊற்றிவிட்டு, இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கி மாறிமாறிப் பார்த்தார்.

அடுத்த தடவை கதவு திறந்தபோது கரண்டியைக் கை மாற்றிப் பிடித்தார். கறுத்த வலது கை முன்னால். பதினேழில் வந்துவிட்டார். மூன்றாவது தடவை மறுபடி இடது கை. முப்பது. 

ஷிப்ட் முடிந்ததும் அவர் தையலறைக்கு வந்தார். சட்டையை மடித்துவிட்டு இரண்டு முன்கையையும் அவள் மேசை மேல் வைத்தார். இடது கையில் பழைய தழும்பு மட்டும் இருந்தது. வலது கை முழங்கை வரைக்கும் சிவந்திருந்தது.

"பழைய கை எங்க?"

இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குப்பைக் கூடையில் போட்டார்.

"மத்த கையையும் மாத்து. முன்பக்கமும்."

"மாப்பிள்ளைன்னு சொல்லுவாங்களே."

"சொல்லட்டும். எத்தனை நின்னேன் தெரியுமா?"

"முப்பத்தொண்ணு."

அவர் நிமிர்ந்தார். "நீயும் எண்ணுனியா?"

"எப்பவும் எண்ணுவேன்."

வெள்ளிக்கிழமை மருத்துவர் இரண்டு கையையும் அமுக்கிப் பார்த்தார். வலது கையின் சிவப்பு தணிந்திருந்தது. கொப்புளம் எங்கும் இல்லை. பணியிடம் என்ற கட்டத்தில் உலை முன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அண்ணன் அந்தத் தாளை மடித்துப் பையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தார்.

அவரது கோட்டு முழுவதும் இப்போது புதுசு. திங்கட்கிழமை நெட்டை தன்னுடைய கோட்டையும் கொண்டுவந்தான். அண்ணன் அனுப்பியதாகச் சொன்னான். அவன் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

"அக்கா, நெஞ்சுப் பக்கம் மூஞ்சி தெரியணும்."

"உன் மூஞ்சிக்கு இவ்வளவு துணி போதாதே."

"அப்ப ரெண்டு கோட்டா தைங்க."

வார முடிவில் ஆறு கோட்டுகள் வந்துவிட்டன. கூடத்தின் வாசலில் யாரோ ஒரு வாளித் தண்ணீரும் துணியும் வைத்தார்கள். வேலை முடிந்து வருகிறவர்கள் கோட்டைத் துடைத்து மாட்டினார்கள். துடைக்காமல் போகிறவனை நெட்டை பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்தினான்.

தைத்து முடித்த கோட்டுகளை அவளே சுமந்துகொண்டு உலைக்கூடத்துக்குப் போனாள். தூணில் பதினெட்டு இல்லை. நாற்பத்து நாலு என்றிருந்தது. அதன் கீழே அண்ணனின் கோணல் கையெழுத்து.

தையல்: என் தங்கச்சி.

அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.  அவருடைய தோள் மூட்டில் நூல் முனை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் தொங்கிய கத்தரிக்கோலால் அதை வெட்டினாள்.

"இப்ப போ" என்றாள்.