அக்காவை அடிப்படைவாதி ஆக்கிய தலைப்பு

நான் ஒரு மாலைப் பத்திரிகையில் பிழை திருத்துபவள்; என் கையெழுத்தில்லாமல் எந்தப் பக்கமும் அச்சுக்குப் போகாது. அன்று காலை பத்து மணிக்கு முதல் பக்கம் என் மேசைக்கு வந்தது. 'அடிப்படைவாதிகள் சாலை மறியல்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே படத்தில், சாக்கடை தேங்கிய தெருவில், கையில் வாளியோடு என் அக்கா!

அக்கா தையல்காரி. வாரம் ஒரு நாள் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போகிற பத்துப் பதினைந்து பெண்களில் ஒருத்தி. கூடத்துக்குள் சாக்கடை புகுந்து மூன்று வாரமாகியும் எட்டிப் பார்க்க ஆளில்லை என்றுதான் தெருவில் உட்கார்ந்தார்கள்.

தலைப்பு வைத்த உதவி ஆசிரியரிடம் போனேன்.

"இவங்க எப்படி சார் அடிப்படைவாதிங்க?"

"சாமி கும்பிடுற கூட்டம் ரோட்டுக்கு வந்துடுச்சுல்ல? வேற என்னன்னு சொல்றது?"

"வேதத்துல இருக்கறது எழுத்துக்கு எழுத்து சரி, ஊரே அதும்படிதான் நடக்கணும்னு அரசியல் பண்றவங்களுக்குத்தான் அந்தச் சொல். இவங்க கேட்டது சாக்கடைக்கு மூடி."

"அகராதியெல்லாம் யாரும்மா பாக்குறா? தலைப்பு கச்சிதமா உக்காந்திருக்கு, விடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கள் மத விதியே நாட்டுச் சட்டமாக வேண்டும் என்று மேடையில் முழங்கிய கட்சியை, போன வாரம் இதே மனிதர் 'கொள்கைப் பற்றாளர்கள்' என்று எழுதியிருந்தார். அதைச் சொன்னேன்.

"அவங்க பெரிய இடம்மா" என்று சிரித்தார்.

அந்தச் சொல்லைச் சிவப்புப் பேனாவால் அடித்து, 'பெண்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அச்சில் பழைய சொல்லே வந்தது.

மறுநாள் விடிந்ததும் அக்காவின் போன். பள்ளிச் சீருடை தைக்கக் கொடுத்திருந்த துணியையெல்லாம் பள்ளியிலிருந்து ஆள் வந்து திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம்.

"அடிப்படைவாதின்னா என்னடி? குண்டு வைக்கிறவங்களா?"

போனை வைத்துவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்பினேன். நேரே ஆசிரியர் அறைக்குப் போனேன்.

"திருத்தம் போடுங்க சார். போடுற வரைக்கும் எந்தப் பக்கத்துலயும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

பக்கங்கள் என் மேசையில் குவிந்தன. அச்சகத்திலிருந்து இரண்டு முறை ஆள் வந்து போனார். கடைசியில் ஆறாம் பக்கத்தில், வாடகை வீட்டு விளம்பரங்களுக்கு அடியில் இரண்டு வரி போட்டார்கள்: 'மறியல் செய்தவர்கள் அப்பகுதிப் பெண்கள். தவறான சொல்லுக்கு வருந்துகிறோம்.'

அக்கா அதை வெட்டி எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். தலைமை ஆசிரியை கண்ணாடி போட்டுப் படித்தாராம்.

"முதல் பக்கத்தைத்தானேம்மா எல்லாரும் பாத்தாங்க. பெத்தவங்க கேட்டா நான் என்ன சொல்றது?"

"அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்னன்னு சொல்லுங்க டீச்சர். நீங்க படிச்சவங்கதானே?"

 தலைமை ஆசிரியை மணியடித்துப் பியூனைக் கூப்பிட்டு, அக்காவை வெளியே அனுப்பச் சொன்னாராம்.