மாட்டுக்காரன் போட்ட மான் தோட்டம்

மைலோ ஸாஸ்ட்ரோவுக்கு மாட்டைத் தெரியும், மானைத் தெரியாது. அமெரிக்காவில் விஸ்கான்சினில் பிறந்து அறுபதைத் தாண்டிய ஓர் ஆம்பிளை துப்பாக்கியைத் தொட்டதே இல்லை என்றால் ஊர் சிரிக்கும். சிரிக்கவும் செய்தது. நவம்பரில் மான் வேட்டைச் சீசன் திறக்கிற சனிக்கிழமை விடியலில் ஊரே வேட்டைக்குரிய ஆரஞ்சு உடுப்பை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் நுழையும்போது இவன் மட்டும் தொழுவத்தில் உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருப்பான். மாட்டு மடிக்குச் சீசனாவது ஒன்றாவது! அந்த வீட்டில் வேட்டைக்குப் போனது அவன் பெண்டாட்டி ஆர்லிஸ்.

சும்மா போகிறவளா அவள்? சின்னப் பெண்ணாக அப்பா பின்னால் போக ஆரம்பித்தவள், ஒரு வருஷம் விட்டதில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறாள். மாடு மிதித்த காலில் கட்டுப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். நிலத்தின் கடைசி மூலையில், ஓக் மரத்தின்மேல் அவளுடைய வேட்டைப் பரண் இருந்தது. அங்கே ஏறி உட்கார்ந்தால் மதியத்துக்குள் குளிர்காலக் கறிக்கு வழி செய்துவிட்டுத்தான் இறங்குவாள். மற்றவர்கள் பெருமையடித்துக்கொள்கிற கொம்பைப் பற்றி அவளுக்குக் கவலையே கிடையாது. "கொம்ப வேகவச்சா திங்கப்போற?" என்று கேட்பாள்.

அந்த ஆர்லிஸை ஏப்ரலில் பக்கவாதம் அடித்தது. இடது கையும் இடது காலும் போய், பாதி திரும்பி வந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், அக்கா மகள் ஜெனெலைக் கூப்பிட்டுத் துப்பாக்கியைக் கொடுத்ததுதான். "எடுத்துட்டுப் போடி. இனிமே எனக்கெதுக்கு அது?" பிறகு சமையலறை ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவள்தான். தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். ஊன்றி நடக்கக் கொடுத்த சட்டத்தில், சுவரோரம், துணி காய்ந்துகொண்டிருந்தது.

மைலோ எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டான். சோறு ஊட்டினான், காலுறை மாட்டிவிட்டான். ஆனால் அந்தத் துப்பாக்கி வாசலைத் தாண்டிப் போனதை மட்டும் அவனால் ஜீரணிக்கவே முடியவில்லை. நவம்பரில் இவள் மறுபடி வேட்டைக்கு உட்கார வேண்டும். அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

இவளால் ஓக் மரத்துக்குப் போக முடியாது. அப்படியென்றால் மான் இங்கே வரவேண்டும். மாடுகளை விற்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. கிடாரிக் கொட்டகைக்குப் பின்னால் கால் ஏக்கர் சும்மா கிடந்தது. அக்கம்பக்கத்தில் பலரும் செய்கிற மாதிரி அங்கே மானுக்குத் தீனி விதைத்தால் என்ன என்று கேட்டான். ஆர்லிஸ் முகத்தைச் சுளித்தாள்.

"கொல்லையில தீனி போட்டு, வந்து திங்கிறத சுடறதா? நான் என்ன கசாப்புக்கடையா வச்சிருக்கேன்?"

"உனக்கு யாரு போடறா? மானுக்குப் போடறேன். நீ சுட்டா சுடு, இல்லாட்டி போ," என்றான் மைலோ. பொய் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை, காது சிவந்துவிட்டது.

மண்ணைத் தோண்டி ஒரு பையில் போட்டு, தீவன ஆலை நடத்துகிற வெர்ன் பிரிபிலிடம் கொடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினான். முடிவு வந்த அன்று ஆலைக்குப் போனால், அலமாரி முழுக்க வண்ண வண்ண விதைப் பைகள். ஒவ்வொன்றிலும் தலையைவிடப் பெரிய கொம்போடு ஒரு மான் முறைத்துக்கொண்டிருந்தது. மைலோ இருப்பதிலேயே பெரிய கொம்பாகப் பார்த்துக் கை வைத்தான்.

"அண்ணே, கைய எடுங்க," என்றான் வெர்ன். "படத்த பாத்து விதை வாங்காதீங்க. கொம்பு பைக்குள்ள இல்ல. இடம் எவ்ளோ?"

"கால் ஏக்கர்."

"அப்ப சோயா, மக்காச்சோளம்லாம் வேணாம். ரெண்டு இலை விடறதுக்குள்ள மொட்டையடிச்சிட்டுப் போயிரும். சின்ன இடத்துக்கு, மாட்டுக்குப் போடற அந்த வெள்ளைக் குளோவர் செடிதான் சரி. கடிக்கக் கடிக்கத் தழையும்." வெர்ன் பரிசோதனைத் தாளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். "என்னண்ணே இது, சுண்ணாம்பே வேணாங்குது! இந்தப் பக்கத்து மண்ணு பூராவும் புளிச்சுக் கிடக்கு. உங்களுது மட்டும் எப்படி?"

"வழுக்காம இருக்க தொழுவத்துல சுண்ணாம்பு தூவுவோம்ல. வருஷக்கணக்கா சாணியோட சேத்து அங்கதான் கொட்டினேன்."

"மாடு போயும் சோறு போடுது பாருங்க. சாம்பல் சத்து மட்டும் கொஞ்சம் தூவுங்க. யூரியா பக்கம் போயிராதீங்க. குளோவர் தனக்கு வேண்டிய தழைச்சத்த வேர் முடிச்சுலயே செஞ்சுக்கும். நீங்க போட்டீங்கன்னா களைதான் உக்காந்து திங்கும்."

"எனக்கே சொல்றியா? நான் போடாத குளோவரா?"

தெரியும்தான் அவனுக்கு. தெரிந்தவன் செய்கிற தப்புக்குத்தான் மருந்தே இல்லை. ஜூனில் மழை பார்த்து விதைத்தான். குளோவர் முளைத்தது. முளைத்தது அப்படியே குண்டூசித்தலை அளவில் நின்றது. முதலில் வேரை ஊன்றிவிட்டுத்தான் அது மேலே வரும். மாட்டுக்குப் போட்டபோது அவன் ஒருநாளாவது பதறியிருப்பானா? இப்போது பதறினான். காலையில் போய்ப் பார்த்தான், சாயங்காலம் போய்ப் பார்த்தான். ஜன்னலோரம் ஆர்லிஸின் முகம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. நவம்பர் ஓடிவருவதுபோல் இருந்தது அவனுக்கு. ஆயுசு பூராவும் மக்காச்சோளம் கொஞ்சம் வெளுத்தால் யூரியாவைத் தூக்கிய கை அது. வெர்ன் சாப்பிடப் போன நேரம் பார்த்து ஆலைக்குப் போய், "வீட்டு முன்னாடி புல்லுக்கு" என்று சொல்லி ஒரு மூட்டை வாங்கிவந்தான். மழைக்கு முன்னால் பாதியை வாரி இறைத்தான்.

அடேயப்பா, என்ன வளர்ச்சி! ஆனால் வளர்ந்தது குளோவர் இல்லை. நரிவால் புல்லும் முள்ளுக்கீரையும் இடுப்பளவு எழுந்து நின்றன. உள்ளே கையை விட்டுத் தேடினால், வெளிச்சம் காணாத குளோவர் நூல்நூலாக வெளிறிக் கிடந்தது. மைலோ நடுவில் நின்று தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"யோவ்!"

திரும்பினான். கொட்டகை மூலையில் ஆர்லிஸ் நின்றுகொண்டிருந்தாள். சட்டத்தை ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்க, இடது கால் செருப்பு இல்லாமல் நின்றாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் வாசல்படி இறங்கியதில்லை.

"ஜன்னல்லேருந்து கத்திக் கத்தித் தொண்டை போச்சு. குளோவருக்கு யூரியா போட்டியா நீ?"

"கொஞ்சம்..."

"கொஞ்சமா? பச்சப் புள்ளைக்குக்கூடத் தெரியுமேய்யா! முப்பது வருஷம் விவசாயம் பண்ணின மனுஷன் பண்ற வேலையா இது?" சொல்லிக்கொண்டே வந்தவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. வாய் ஒரு பக்கமாகக் கோணியபடி, கண்ணில் நீர் வர, சட்டம் கடகடவென்று ஆடச் சிரித்தாள். "மானுக்குப் போடறாராம் மானுக்கு! இதுக்குள்ள மான் நுழைஞ்சா வழி தெரியாம செத்துரும்."

திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்ட புருஷன் அந்த மாவட்டத்தில் அன்று வேறு யாரும் இருந்திருக்க மாட்டான்.

மறுநாள் சமையலறை மேசைமேல் விதை விவகாரம் நடந்தது. களையைத் தரையோடு வெட்டி உழுதுவிட்டால் ஆகஸ்ட் கடைசியில் வேறு எதையாவது விதைக்கலாம். மைலோ டர்னிப் கிழங்கு என்றான், மாடு விரும்பித் தின்னும் என்றான்.

"மாட்ட வித்தாச்சு, மறந்துட்டியா?" என்றாள் ஆர்லிஸ். "டர்னிப் இலை நல்லா உறைபனி படற வரைக்கும் கசக்கும். இந்தப் பக்கத்து மானுங்க அத கண்ணால பாத்ததில்ல. பழகறதுக்கே ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் எனக்குப் பொறுமை கிடையாது."

எனக்கு என்றாள். மைலோ அதைக் கேட்டான். வாயைத் திறந்தால் கெடுத்துவிடுவோம் என்று காப்பிக் கோப்பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான்.

"அப்ப என்னதான் போடறது?"

"வருஷா வருஷம் சுட்ட மானோட இரைப்பையக் கீறிப் பாக்கறவ நான். நவம்பர்ல என்ன திங்குதுன்னு என்கிட்ட கேளு. ஓட்ஸ் கொஞ்சம் போடு, சீக்கிரம் முளைச்சு மான இழுத்துட்டு வரும். ஆனா நல்ல குளிர் அடிச்சா படுத்துரும். ரை தானியம் நிறையப் போடு. பனிக்கு அடியிலயும் பச்சையா நிக்கும். நீ கொட்டின யூரியா அதுக்காவது ஆகட்டும்."

அப்படியே விதைத்தார்கள். மைலோ டிராக்டர் ஓட்டினான். ஆர்லிஸ் வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அங்க விட்டுப்போச்சு, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கத்தினாள். ரை பயிர் விரல் உயரம் வந்தது, கணுக்கால் உயரம் வந்தது. தினமும் அதைப் பார்க்கிறேன் என்று சட்டத்தை ஊன்றிக்கொண்டு அவளே நடந்துவர ஆரம்பித்தாள். அக்டோபரில் ஒருநாள் அவள் போனில் பேசுவது கூடத்திலிருந்த அவனுக்குக் கேட்டது. "ஜெனெல், என் துப்பாக்கிய கொண்டாடி. குடுத்தேனா? யாரு குடுத்தா? பாத்துக்கச் சொன்னேன்."

மறைவிடத்துக்கு மைலோ ஒரு கன்றுக் கூண்டைக் கொண்டுவந்து வைத்தான். இளங்கன்றைத் தனியே கட்டிவைக்கிற வெள்ளைப் பிளாஸ்டிக் கூண்டு. பல காலமாக இந்த இடத்தில் அதைப் பார்த்துப் பழகிய மான்களுக்கு அதில் சந்தேகமே வராது. பக்கவாட்டில் ஒரு ஜன்னல் வெட்டினான். வேட்டைச் சட்டப்படி வெளியே ஆரஞ்சுத் துணி கட்டினான். காற்றில் தூக்கிக்கொண்டு போகாமலிருக்க, மிச்சமிருந்த அரை மூட்டை யூரியாவை உள்ளே பாரமாகப் போட்டான்.

சீசன் திறக்கிற சனிக்கிழமை வந்தது. இருட்டோடு இருட்டாக இருவரும் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தார்கள். ஆரஞ்சு உடுப்பில் மைலோ முதல் தடவையாக மான் சீசனைப் பார்த்தான். வெளிச்சம் வந்து புல்லில் உறைபனி தெரிந்தது. காட்டோரத்திலிருந்து ஒரு கொழுத்த பெண்மான் இறங்கி, நேராகத் தோட்டத்துக்குள் வந்தது. மைலோவின் நெஞ்சு அடித்த அடி மானுக்கே கேட்டிருக்கும்.

ஆர்லிஸ் துப்பாக்கியைத் தூக்கினாள். குழலின் அடியில் வைத்த இடது கை நடுங்கியது. குழல் மேலும் கீழும் ஆடியது. இறக்கினாள், மறுபடி தூக்கினாள். மறுபடியும் ஆடியது.

"முடியலடா மைலோ," என்றாள் காற்றுக் குரலில். "காயப்படுத்தி அனுப்பிருவேன். அந்தப் பாவம் எனக்கு வேணாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

 இத்தனை மாதமும் இதற்கா? மைலோ இருட்டுக்குள் கையால் துழாவினான். கையில் அகப்பட்டது அந்த யூரியா மூட்டை. சத்தமில்லாமல் இழுத்து, தூக்கி, ஜன்னலுக்குக் கீழிருந்த குறுக்குக் கட்டைமேல் வைத்து நடுவில் கையால் அமுக்கிப் பள்ளம் செய்தான். ஆர்லிஸ் அவனை ஒரு பார்வை பார்த்தாள். குழலை அந்தப் பள்ளத்தில் வைத்தாள். ஆட்டம் நின்றது. மான் தலை தூக்கிப் பக்கவாட்டில் நின்றபோது ஒரே வெடி. அது நாலடி ஓடிச் சாய்ந்தது.

 ஆர்லிஸ் மூட்டையைத் தட்டிக்கொடுத்தாள். "யூரியா போட்டதுலயும் ஒரு நல்லது இருக்குய்யா."

ஒற்றைக் கையால் வயிற்றைக் கிழிக்க முடியாது என்பதால் கத்தி மைலோவிடம் வந்தது. மாட்டுக்குப் பிரசவம் பார்த்தவன், ரத்தத்துக்குப் பயப்படவில்லை. அவள் சட்டத்தைப் பிடித்தபடி சொல்லச் சொல்லச் செய்தான். கடைசியில், "இரைப்பையக் கீறு, பாப்போம்," என்றாள். தன் ரையைப் பச்சைப்பசேலென்று பார்க்கப்போகிறோம் என்று ஆசையாகக் கீறினான்.

மஞ்சள். முழுக்க மஞ்சள். சாலைக்கு அந்தப் பக்கத்துக்காரனின் மக்காச்சோளம். பச்சை என்று ஒரு பிடிகூட இல்லை.

"ஆர்லி, இது நம்மளுத தொடவே இல்லடி."

"ராத்திரி பூரா சோளக்காட்டுல தின்னுட்டு, படுக்கப் போற வழியில இப்படிக்கா வந்திருக்கு," என்றாள் அவள்.

"அப்ப நான் போட்டதெல்லாம் தண்டமா?"

"நீ யாருக்குப் போட்ட?"

"மானுக்கு," என்றான், காது சிவக்க.

"இன்னுமா அந்தப் பொய்ய சொல்ற? மான் வரலன்னா போவுது. நான் வந்தேனா இல்லையா?"

 மைலோ வாயைத் திறந்தான், முகம் கோணியது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினான்.

"கத்திய கீழ வச்சிட்டு அழுய்யா," என்றாள் ஆர்லிஸ்.