நடுப்பாலத்துக் கல்யாணம்

அந்த ஊரில் ஆறு மட்டும்தான் ஒன்று. மற்றதெல்லாம் இரண்டிரண்டு. எந்தக் காலத்திலோ கப்பலில் வந்த ஒரு துரைக்கூட்டம் இக்கரையைப் பிடித்துக்கொண்டது. பின்னாலேயே வந்த இன்னொரு கூட்டம் அக்கரையை வளைத்துப் போட்டது. இரண்டு பேரும் மூட்டை கட்டிக்கொண்டு போய் வெகுநாளாகிறது. ஆனால் போகிறவர்கள் வீட்டைப் பெருக்கிவிட்டா போவார்கள்? இக்கரையில் வண்டிகள் இடப்பக்கம் ஓடும், அக்கரையில் வலப்பக்கம். இக்கரைக் கடிகாரம் அரை மணி நேரம் முந்தி ஓடும். சாமி விஷயமும் அப்படியே. துரைகளோடு வந்த சாமி ஒரு கரையிலும், அதற்கு முன்பே வியாபாரிகளோடு வந்த சாமி மறுகரையிலும் வேர் பிடித்துவிட்டதால், இங்கே விடுமுறை ஞாயிற்றுக்கிழமை, அங்கே வெள்ளிக்கிழமை. கொசுவும் வெள்ளமும் மட்டும் இரு கரைக்கும் பொது.

நடுவில் ஒரு பாலம். அதிலும் பாதி அவர்கள் கட்டியது, பாதி இவர்கள் கட்டியது. இந்தப் பாதிக்கு இரும்புக் கைப்பிடி, அந்தப் பாதிக்குக் கல். இரண்டும் சேருமிடத்தில் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு உண்டு. அங்கேதான் வண்டிகள் இடத்திலிருந்து வலத்துக்குப் பக்கம் மாற வேண்டும். புதிதாக வருகிற டிரைவருக்கு அங்கே வேர்த்துக் கொட்டும். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பாலத்தில் பஸ் ஓட்டுகிறவரை ஊரே பாலத்தார் என்றுதான் கூப்பிடும்.

பாலத்தாருக்கு ஒரே மகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடி மாற்ற வந்த அக்கரைக் கப்பல் சமையல்காரரிடம் சுவரிலிருந்த எழுத்துகளைப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். அவர் இவள் முகத்தையே படித்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் சாமி வேறு என்பதால் பதிவுத் திருமணம் என்று முடிவாயிற்று. பாலத்தார் சரி என்றுதான் சொன்னார். ஆனால் மனசுக்குள் ஒரு முள். அக்கரைக்குப் போனால் அவளுக்கு வெள்ளிக்கிழமை லீவு. இவருக்கு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு காலையில் அப்பாவும் மகளும் சேர்ந்து செய்தித்தாளைப் பிய்த்துப் பங்கு போட்டுக்கொள்வது இனி எந்த ஜென்மத்தில்?

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கல்யாணம் வியாழக்கிழமை, அக்கரைப் பதிவாளர் அலுவலகத்தில். அன்றைக்கு விட்டால் போச்சு. மறுநாள் அக்கரைக்கு விடுமுறை. சனிக்கிழமை விடியற்காலையில் மாப்பிள்ளைக்குக் கப்பல். அப்புறம் எட்டு மாசத்துக்குத் தண்ணீர்தான் தண்ணீர்.

அந்த ஊரில் யாராவது நேரம் சொன்னால், "யார் மணி?" என்று கேட்பது வழக்கம். மீன் விற்கிறவரிடமும் கேட்பார்கள், டாக்டரிடமும் கேட்பார்கள். ஆனால் சம்பந்தியிடம் எப்படிக் கேட்பது? "பதினொன்றரைக்கு வந்துடுங்க சம்பந்தி" என்று மாப்பிள்ளையின் அம்மா போனில் சொன்னதும், பாலத்தார் "அப்படியே ஆகட்டும்மா" என்று பெரிய மனுஷராக வைத்துவிட்டார். பாவம், அந்த அம்மா பெண் வீட்டாருக்குச் சிரமம் கூடாதென்று அரை மணியைக் கூட்டி இக்கரைக் கணக்கில் சொல்லியிருந்தார். இவரோ அது அக்கரை மணி என்று எடுத்துக்கொண்டு, தன் பங்குக்கு இன்னொரு அரை மணியைக் கூட்டி, இக்கரைக்குப் பன்னிரண்டு என்று வீட்டில் அறிவித்துவிட்டார். இரண்டு மரியாதையும் சேர்ந்து ஒரு கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தன.

வாடகை பஸ்ஸைப் பாலத்தாரே ஓட்டினார். தான் இருக்கும்போது இன்னொருத்தன் தன் மகளைப் பாலம் கடத்துவதா! பின்னால் அத்தைமார், சித்திமார், ஒரே கும்மாளம். பாலத்தில் ஏறியபோது இக்கரைக்கு மணி பதினொன்று நாற்பது. அப்போதுதான் மனைவியின் போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க?" சம்பந்தியம்மா குரல் பஸ் முழுக்கக் கேட்டது. "பத்து நிமிஷமாச்சு! பதிவாளர் இன்னைக்கு அரைநாள். எங்க மணி பதினொன்றரைக்குப் புத்தகத்தை மூடிடுவார்!"

"நீங்க பதினொன்றரைன்னுதானே..." என்று பாலத்தார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கத்தினார்.

"அது உங்க மணிங்க!"

"ஐயோ, நான் உங்க மணின்னு நினைச்சேன்!"

இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது, பிடித்துவிடலாம் என்று பாலத்தார் மிதித்தார். மிதித்து என்ன பண்ண? கோட்டருகே வெளியூர் லாரி ஒன்று பக்கம் மாற மறந்து, எதிரே வந்த வேனோடு மூக்கும் மூக்குமாக நின்றிருந்தது. இரண்டு டிரைவர்களும் கீழே இறங்கி, யார் பின்னால் போவது என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸின் முன்பாதி கோட்டைத் தாண்டிவிட்டது, பின்பாதி தாண்டவில்லை. பின்னாலும் வண்டிகள் நெருக்கியடித்துவிட்டன.

"நடந்தே போயிடலாம்ப்பா" என்றாள் மகள்.

"இருபது நிமிஷமாவது நடக்கணும்மா."

அவள் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதைப் பார்க்கத்தான் அவரால் முடியவில்லை. மனைவி போனில் நிலைமையைச் சொன்னாள். "அங்கேயே இருங்க" என்றார் சம்பந்தியம்மா.

அவர் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். முடியாது என்ற சொல்லைக் காதில் வாங்கிப் பழக்கமில்லாதவர். பத்தே நிமிஷத்தில், நின்ற வண்டிகளுக்கிடையே புகுந்து புகுந்து அவருடைய ஸ்கூட்டர் வந்தது. பின்சீட்டில் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்தபடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு பதிவாளர். அவர்களுக்குப் பின்னால், கோட்டும் டையுமாக மாப்பிள்ளை ஓடி வந்தார்.

"இவரோட ரெண்டு பிள்ளையையும் இந்தக் கையிலதான் வாங்கினேன்" என்றார் சம்பந்தியம்மா. "வரமாட்டேன்னு சொல்லிடுவாரா?"

பதிவாளர் கண்ணைத் திறந்து முதலில் மஞ்சள் கோட்டைத்தான் பார்த்தார். "என் அதிகாரம் இதுவரைக்கும்தான். பொண்ணு இந்தப் பக்கம் இருந்தாத்தான் செல்லும்."

மகள் பின்சீட்டிலிருந்து ஒரே ஓட்டமாக முன்சீட்டுக்கு வந்தாள். அத்தனை சுலபமாக அவள் கரை மாறிவிட்டாள். பாலத்தாருக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது.

"இன்னும் ஆறு நிமிஷம்" என்று பதிவாளர் பஸ்ஸுக்குள் ஏறி, இன்ஜின் மூடிமேல் பதிவேட்டை விரித்தார். "கதவைத் திறந்து வைங்க. துரை காலத்துச் சட்டம். யாருக்காவது ஆட்சேபம் இருந்தா உள்ளே கேட்கணும்." படியில் நின்று தொண்டையைச் செருமினார். "இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

பாம்ம்ம் என்றது ஒரு லாரி. அதைக் கேட்டு இன்னும் இருபது வண்டிகள் ஹாரன் அடித்தன.

பதிவாளர் முகம் வெளுத்தது. இரண்டாம் தடவை கேட்டார். முன்னைவிடப் பலமாக ஹாரன். "இந்தச் சத்தத்துல ஆட்சேபம் இல்லைன்னு நான் எப்படி எழுதறது? காதுல எதுவும் விழுந்தாத்தானே?"

"அவ்வளவுதானே?" என்று பாலத்தார் கீழே குதித்தார்.

அந்தப் பாலத்தில் அவருக்குத் தெரியாத டிரைவர் இல்லை. ஒவ்வொரு வண்டியாகத் தட்டிக்கொண்டு ஓடினார். "என் பொண்ணு கல்யாணம்யா! ரெண்டு நிமிஷம் ஹாரன்ல இருந்து கையை எடுங்க! இன்ஜினை அணைங்க!" இக்கரைப் பக்கம் முடித்து அக்கரைப் பக்கம் ஓடினார். "பாலத்தார் பொண்ணாம், பாலத்தார் பொண்ணுக்குக் கல்யாணமாம்" என்று சேதி அவரை முந்திக்கொண்டு போயிற்று. சண்டை போட்டுக்கொண்டிருந்த லாரிக்காரரும் வேன்காரரும்கூட வாயை மூடிக்கொண்டு தலையை வாரிக்கொண்டார்கள்.

பாலம் அடங்கியது. கீழே ஆறு ஓடும் சத்தம் கேட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை.

மூச்சு வாங்கப் படியருகே வந்து நின்றார். பதிவாளர் மூன்றாம் தடவை கேட்டார். "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

ஒருவரும் பேசவில்லை. அந்த அமைதியில் பாலத்தாருக்கு ஒன்று விளங்கிவிட்டது. இந்தப் பாலத்தில் ஆட்சேபம் உள்ள ஒரே ஆள் தான்தான். ஞாயிற்றுக்கிழமைகள் நெஞ்சில் வந்து முட்டின. ஒரு வார்த்தை போதும். ஊரையே வாயடைக்கச் செய்து, அந்த வார்த்தைக்கு அவரே இடம் பண்ணி வைத்திருந்தார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. எப்போதோ தெரிந்திருக்க வேண்டும்.

"அப்பா" என்றாள் மெதுவாக. "மூச்சு விடுங்கப்பா."

அப்போதுதான் தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவருக்கே தெரிந்தது. நீளமாக விட்டார். அதோடு கண்ணீரும் வந்துவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது. எது முதலில் என்று சொல்ல முடியாது.

"எழுதுங்க சார்" என்றார். "ஒரு ஆட்சேபமும் இல்லை."

பதிவாளர் எழுதினார். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார், மகள் போட்டாள், கடைசியில் சாட்சி என்ற இடத்தில் பாலத்தார் கோணல்மாணலாகப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியில் நின்று, இரண்டு கரையும் கேட்க, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"முடிஞ்சிடுச்சுய்யா! இப்ப அடிங்க!"